ஏ பொதி, பி பொதி: பத்து மாதம் பாவித்த பிறகு

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் தராசடியில் நிற்பவன் நான். இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை. வீடு கொட்டாஞ்சேனையில், மூன்றாம் மாடி. மேலே மொட்டை மாடியில் மீன் வரும் பெரிய றிஜிபோம் பெட்டி நான்கை வாங்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்து, உள்ளே கறுப்புப் பொலித்தீன் விரித்து, மண் இல்லாமல் தண்ணீரில் கீரை வளர்க்கிறேன். ஒரு பெட்டிக்கு 30 லீற்றர் பிடிக்கும். கங்குன், பக்சொய், புதினா, கொஞ்சம் சலாது. இவற்றுக்கு ஊற்றும் பசளைத் தூளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இதே தூளை நான்கு தடவை வாங்கிவிட்டேன். அதனால் ஓரளவு நிதானமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலே சொல்லிவிடுகிறேன்: தூள் நல்லது, வாங்கலாம். ஆனால் பொதியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிக் கலக்கக் கூடாது. தயாரிப்பவர்களின் பெயரை நான் எழுதவில்லை. உள்ளூரில் சிறிய அளவில் பொதி செய்கிறவர்கள், கீழே குறையும் சொல்லப் போகிறேன். புறக்கோட்டையில் பசளைக் கடைகளில் இப்படி ஏ, பி என்று இரண்டாகப் பிரித்த தூள் பல பெயரில் கிடைக்கிறது. அநேகமாக எல்லாவற்றுக்கும் நான் சொல்வது பொருந்தும்.

நான் வாங்கும் செற்றில் ஏ பொதி 160 கிராம், பி பொதி 120 கிராம். ஒவ்வொன்றையும் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து இரண்டு போத்தலில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு செடிக்கான தண்ணீரில் லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் ஏ, 5 மில்லிலீற்றர் பி. ஆக ஒரு செற்றில் 200 லீற்றர் கரைசல் வரும். என்னுடைய 30 லீற்றர் பெட்டிக்கு 150, 150. கணக்கு இவ்வளவுதான்.

இவ்வளவு எளிய கணக்கிலும் முதல் செற்றை முழுதாகப் பாழாக்கினேன். பொதியின் பின்பக்கம் ஆங்கிலத்தில் ‘தனித்தனியாக’ என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. சிங்களத்திலும் இருக்கிறதாம், பக்கத்து வீட்டுக்காரர் வாசித்துச் சொன்னார். தமிழில் மட்டும் “ஏ, பி இரண்டையும் 1 லீற்றர் நீரில் கரைக்கவும்” என்று போட்டிருந்தது. நான் தமிழைத்தான் வாசித்தேன். ஒரே போத்தலில் இரண்டையும் கொட்டினேன். ஏ தூள் கரைந்தபோது தேயிலைச் சாயம் போல மெல்லிய செம்மஞ்சள் நிறம், தெளிவாக இருந்தது. அதற்குள் பி தூளைக் கொட்டிக் கலக்கியதும் கண் முன்னாலேயே பால் போல வெளுத்தது. இரவு முழுக்க விட்டேன். காலையில் பார்த்தால் அடியில் இரண்டு விரல் தடிப்புக்கு வெள்ளை மா படிந்து கிடந்தது. எவ்வளவு குலுக்கினாலும் கரையவில்லை.

அந்த மாவை விரலில் எடுத்து உரசிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. பட்டறையில் மோதிரம் வார்க்க அச்செடுக்கும் மா ஒன்று உண்டு, அதை இறுக வைப்பது ஜிப்சம். ஜிப்சம் என்றால் கல்சியம் சல்பேற். ஏ பொதியில் இருப்பது கல்சியம் நைத்திரேற்றும் இரும்பும். பி பொதியில் மக்னீசியம் சல்பேற், பொஸ்பேற், பொற்றாசியம், மற்ற நுண்சத்துகள். கல்சியம் சல்பேற்றையோ பொஸ்பேற்றையோ கெட்டியான நிலையில் சந்தித்தால் கரையாத கல்லாக மாறிவிடும். செடியால் கல்லைக் குடிக்க முடியாது. 30 லீற்றர் தண்ணீரில் ஐதாகிவிட்டால் அதே இரண்டும் பிரச்சினை இல்லாமல் இருக்கும், ஏனென்றால் ஜிப்சமே லீற்றருக்கு இரண்டு கிராமுக்கு மேல் கரையக்கூடியது, செடிக்கான கரைசலில் அந்த அளவுக்குக் கிட்டவும் போவதில்லை. அதனால்தான் இரண்டு பொதி. சும்மா விலையைக் கூட்டப் பிரித்து வைத்ததல்ல.

கடைக்குத் திரும்பிப் போனேன். கடை நானாவுக்கு எழுபது வயதிருக்கும். போத்தலைத் தூக்கிக் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டையும் ஒண்டாப் போட்டீங்களா தம்பி?” என்று கேட்டார். பொதியின் தமிழ் வரியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். “நான் விக்கிற சாமான்ல இப்படி எழுதியிருக்கிறது எனக்கே தெரியாமப் போச்சே” என்றார். காசு வாங்காமல் இன்னொரு செற் தந்தார். நான் பாதிக் காசை வற்புறுத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து வேறு கடைக்குப் போனதில்லை. 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் தடையை எடுத்தார்களே, அந்த நாட்களில் வெறும் இறாக்கையோடு கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொன்னார். அது தனிக் கதை.

இரண்டாவது விடயம் எடை. வாங்கும் ஒவ்வொரு பொதியையும் நான் பிரிக்கும் முன் நிறுப்பேன். பழக்கம். பி பொதி நான்கு தடவையும் 119க்கும் 121க்கும் இடையில்தான் நின்றது. இது மெச்ச வேண்டிய விடயம், கையால் பொதி செய்கிறவர்களுக்கு இது சின்ன வேலையில்லை. ஏ பொதிதான் கதை சொன்னது. முதலாவது 160 கிராம். மூன்றாவது தடவை, ஐப்பசி மழைக்குள் வாங்கியது, 166. பொதியின் எடையைக் கழித்த பிறகு சொல்கிறேன். ஆறு கிராம் கூட. முக்கால் பவுண் அளவு. தொட்டுப் பார்த்தால் தூள் உதிராமல் ஈரச் சீனி போலக் கட்டிபட்டிருந்தது. கல்சியம் நைத்திரேற் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குடிக்கும் உப்பு. அந்த ஆறு கிராமும் தண்ணீர்.

இதில் ஒரு கவனம் வேண்டும். முழுப் பொதியையும் ஒரே தடவையில் கரைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. உள்ளே போட்ட 160 கிராம் சத்தும் அப்படியே இருக்கிறது, கூடத் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பொதியைத் திறந்து வைத்து, தேவைக்குத் தேவை 20 கிராம், 30 கிராம் என்று நிறுத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தண்ணீரை நிறுத்துப் போட்டு, கல்சியத்தைக் குறைத்துவிடுவார்கள். கொழும்பின் ஈரக் காற்றில் திறந்த பொதி ஒரு கிழமைகூடத் தாங்காது. ஆகவே தூளாக வைத்திருக்காதீர்கள், வாங்கிய அன்றே கரைத்துப் போத்தலில் அடையுங்கள். தயாரிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: ஏ பொதிக்கு ஒற்றைப் பொலித்தீன் போதாது. உள்ளே வெள்ளித் தாள் ஒட்டிய தடித்த உறை வேண்டும். பத்து இருபது ரூபாய் கூடினாலும் வாங்குவோம்.

கரைத்த போத்தல்களுக்கும் வெயில் ஆகாது. ஏ கரைசலில் இருக்கும் இரும்பு, செடி குடிக்கும்படி ஒரு சேர்மத்தில் கட்டி வைத்த இரும்பு. வெளிச்சம் பட்டால் அந்தக் கட்டு மெல்ல அவிழ்ந்து இரும்பு வீணாகும். நான் கறுப்புப் போத்தலில் ஊற்றி, அடுப்படியின் கீழ்த் தட்டில் வைக்கிறேன். பெரிய எழுத்தில் ஏ, பி என்று எழுதி, குடிக்கும் சாமானில்லை என்றும் எழுதி ஒட்டியிருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் பூட்டி வையுங்கள்.

மூன்றாவது, பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீரில் எத்தனை பங்கு உப்பு என்ற கணக்கு. இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், நானும் விழுந்தேன். பொதியில் ‘1100 பிபிஎம் வரும்’ என்று போட்டிருந்தது. சொன்ன அளவுக்குக் கலந்து, உப்பை அளக்கும் பேனா போன்ற என் கைக் கருவியை விட்டுப் பார்த்தேன், 800. சரி, தூள் வலு குறைவு போல என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். 1100 வரும்வரை ஊற்றினேன். நான்காம் நாள் சலாது இலைகளின் ஓரம் சிகரெட் நெருப்புப் பட்டது போலக் கருகியிருந்தது.

பேனா பொய் சொல்லவில்லை, பொதியும் பொய் சொல்லவில்லை. அந்தப் பேனாக்கள் உண்மையில் பிபிஎம்மை அளப்பதே இல்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து, ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகின்றன. அந்த மின்கடத்தும் அளவை ஈசி என்பார்கள். சில கருவி 500ஆல் பெருக்கும், சில 700ஆல் பெருக்கும். என் கரைசலின் ஈசி 1.6. என் பேனா 500 வகை, அதனால் 800. பொதி எழுதியவர்கள் 700 வகை வைத்திருக்கிறார்கள், 1.6ஐ 700ஆல் பெருக்கினால் 1120. இரண்டும் ஒரே தண்ணீர். நான் 1100 வரும்வரை ஊற்றியதில் உண்மையான ஈசி 2.2க்குப் போய்விட்டது. நம் வெயிலில் சலாதுக்கு அது மெத்தக் கூட. 22 கரட்டையும் 24 கரட்டையும் ஒரே விலைப் பலகையில் பார்த்தால் என்ன நடக்கும், அதேதான் நடந்தது.

பேனாவில் ஈசி காட்டும் வசதி இருந்தால் அதையே பாருங்கள், பிபிஎம்மை மறந்துவிடுங்கள். என் அனுபவத்தில் சலாதுக்கு 1.2, வெயில் குறைந்த நாட்களில் 1.4. கங்குனுக்கும் பக்சொய்க்கும் 1.6, 1.8 வரை போகலாம். பொதி சொல்லும் அளவு கங்குனுக்குச் சரி, சலாதுக்கு நான் 5க்குப் பதில் 4 மில்லிலீற்றர்தான் ஊற்றுகிறேன். ஏயையும் பியையும் எப்போதும் சமமாக. முதலில் ஏயை ஊற்றி நன்றாகக் கலக்கி, பிறகு பி. ஊற்றும் கோப்பையையும் இடையில் கழுவ வேண்டும்.

இனி, கலந்த பிறகு. பொதி கலப்பதோடு நிறுத்திவிடுகிறது, ஆனால் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கு மேலே போய் நான்கு பெட்டியையும் பார்ப்பேன். பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்து ஈசி ஏறியிருக்கும். செடி சத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடித்திருக்கிறது என்று பொருள். அப்போது வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தண்ணீரும் குறைந்து ஈசியும் இறங்கியிருந்தால் செடி நன்றாகச் சாப்பிடுகிறது, அப்போது ஏ, பி சேர்க்கலாம். தண்ணீர் குறையாமல் ஈசி மட்டும் சட்டென்று விழுந்தால் மழை உள்ளே புகுந்திருக்கிறது. இடைக்கால மழை ஒன்றில் ஒரே இரவில் 1.6 இருந்த பெட்டி 0.9க்கு வந்தது. இப்போது மேலே பொலித்தீன் கூரை போட்டிருக்கிறேன்.

ஆனால் ஈசி சரியாக இருக்கிறது என்பதற்காக அதே தண்ணீரை மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. பேனா மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. தராசுக்கும் அப்படித்தான், தங்கமா செம்பா என்று தராசு சொல்லாது, அதற்கு உரைகல் வேண்டும். செடி நைத்திரேற்றையும் பொற்றாசியத்தையும் வேகமாக எடுக்கும், கல்சியமும் சல்பேற்றும் மெல்லப் போகும். ஐந்து கிழமை மாற்றாமல் விட்ட ஒரு பெட்டியில் ஈசி அழகாக 1.6 நின்றது, கங்குனோ கீழ் இலை மஞ்சளாகி நோஞ்சானாக நின்றது. இப்போது மூன்று கிழமைக்கு ஒருமுறை முழுதாக மாற்றுகிறேன். பழைய தண்ணீரைக் கானில் ஊற்றுவதில்லை. கீழ்வீட்டு ஆச்சியின் கறிவேப்பிலைக்கும் செவ்வரத்தைக்கும் போகிறது. கறிவேப்பிலை துளிர்த்துத் தள்ளுகிறது.

பீஎச் பற்றி, அதாவது தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் எண். நமக்கு வரும் குழாய்த் தண்ணீர் மென்மையான தண்ணீர். களனி கங்கையில் அம்பத்தளையிலிருந்தும், லபுகம, களட்டுவாவ குளங்களிலிருந்தும் கொழும்புக்குத் தண்ணீர் வருகிறது. என் குழாயில் ஈசி 0.1 அளவுதான். உப்புக் குறைவு என்பது நல்லது, பசளைக்கு இடம் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட தண்ணீருக்குப் பீஎச்சைப் பிடித்து வைக்கும் பலம் இல்லை, இலகுவில் ஏறும், இலகுவில் இறங்கும். 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்க வேண்டும். செடி நைத்திரேற்றை எடுக்க எடுக்க அது மேலே ஏறும். 7 தாண்டினால் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் வெளுக்கும். இரும்பு இருந்தும் செடிக்குக் கிட்டாத நிலை அது.

தேசிக்காய் பிழிந்தால் இறங்கும் என்று சிலர் சொல்வார்கள். செய்து பார்த்தேன். அன்று இறங்கியது, மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே வந்தது, தண்ணீரில் ஒரு வழுவழுப்பும் வந்தது. தேசிப்புளியில் இருக்கும் சித்திரிக் அமிலத்தைக் கிருமிகள் தின்றுவிடும். நானாவிடம் ஐதாக்கிய பொஸ்பரிக் அமிலம் சின்னப் போத்தலில் கிடைக்கிறது. பெட்டிக்குச் சில துளி போதும், கையுறை போட்டு, எப்போதும் தண்ணீருக்குள் அமிலத்தை விட வேண்டும், அமிலத்துக்குள் தண்ணீரை விடக் கூடாது. செற்றோடு அதையும் ஒரு சிறு குப்பியில் தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அதே கடையில் வாங்கிய மஞ்சள் பீஎச் பேனா சுமார்தான். கூட வரும் இரண்டு பொடியையும் தனித்தனியே 250 மில்லிலீற்றர் வடித்த நீரில் கரைத்து 6.86, 4.00 இரண்டிலும் மாதம் இருமுறை சரிபார்த்தால் வேலை செய்யும். விட்டால் 0.4, 0.5 தள்ளிக் காட்டும். நுனியைக் காயவிடக் கூடாது, வெறும் வடித்த நீரிலும் ஊறவைக்கக் கூடாது, மூடியில் பொற்றாசியம் குளோரைட் கரைசல் சில துளி விட்டு மூடி வைக்க வேண்டும்.

எந்தப் பொதியும் சொல்லாத ஒன்று சூடு. மொட்டை மாடியில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டித் தண்ணீர் 34 பாகை காட்டியது. சுடுதண்ணீரில் ஒட்சிசன் நிற்காது. 20 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு கரையும், 30 பாகையில் ஏழரைதான். ஒரு கிழமையில் வெள்ளை வேர்கள் ஊறிய தும்பு மாதிரி மண்ணிறமாகி, இழுத்தால் தோல் கழன்று வந்தன. நாற்றமும் வந்தது. எந்தப் பசளையும் அதைக் காப்பாற்றாது. பெட்டிகளைத் தண்ணீர்த் தாங்கியின் நிழலுக்கு மாற்றி, மேலே வலை கட்டி, வெளிப்பக்கம் வெள்ளை அடித்தேன். இப்போது 29, 30க்கு மேல் போவதில்லை. காற்றுப் பம்ப் போடவில்லை. 2022இல் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களை மறக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பாமல், மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் நாலு விரல் இடம் விடுகிறேன். மேல் வேர் காற்றில் நிற்கும், கீழ் வேர் குடிக்கும்.

இன்னொன்று, தயவுசெய்து இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். திறந்த பெட்டித் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், செடி நிற்கும் கோப்பைக்கும் ஓட்டைக்கும் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. நான் பஞ்சுத் துண்டால் அடைத்து, கிழமைக்கு ஒருநாள் மூடியைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்க்கிறேன். பி.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்தபோது நான்கு பெட்டியையும் நானே திறந்து காட்டினேன், அவரும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். ஓட்டை அடைபட்டால் பாசியும் வராது.

விளைச்சலுக்கு வருகிறேன். கங்குன் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வெட்டுகிறோம், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு நேரம் தாராளமாக வரும், தண்டு பிஞ்சாக இருக்கும். பக்சொய்யும் நன்று. புதினாவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. சலாது மார்கழி, தையில் அருமை, சித்திரையில் பூத்துக் கசக்கிறது, அது தூளின் குற்றமல்ல. தக்காளிக்கு இந்தச் செற்றை வாங்காதீர்கள். காய் பிடிக்கும்போது அதற்குப் பொற்றாசியம் கூட வேண்டும், இது இலைக்கான கலவை. நான் ஒரு செடி வைத்தேன், ஆள் உயரம் வளர்ந்து நாலு காய் தந்தது.

விலை என்று பார்த்தால், கடைசியாக வாங்கியது 1,850 ரூபாய். 200 லீற்றருக்கு, லீற்றர் ஒன்பதே கால் ரூபாய் வருகிறது. உப்புகளைத் தனித்தனியே கிலோக் கணக்கில் வாங்கிக் கலந்தால் இதைவிட மலிவு, ஆனால் நுண்சத்துகளை வீட்டில் நிறுக்க 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். என்னிடம் கடையில் இருக்கிறது, எல்லோரிடமும் இருக்காது. நான்கைந்து பெட்டி வைத்திருப்பவருக்கு இந்தச் செற்தான் சரி.

போன மாதம் ஒரு தாளில் தமிழில் ஆறு வரி எழுதி நானாவிடம் கொடுத்தேன். இரண்டு போத்தல், இரண்டு லீற்றர், ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, ஈசி 1.6, சலாதுக்கு 1.2, மூன்று கிழமையில் மாற்று. தயாரிப்பவர்களுக்கும் அனுப்பச் சொன்னேன், இன்னும் பதில் வரவில்லை. சனிக்கிழமை ஐந்தாவது செற் வாங்கப் போனேன். தாளைப் பிரதி எடுத்து, இறாக்கையில் இருந்த எல்லா ஏ பொதியிலும் றப்பர் பட்டி போட்டுக் கட்டி வைத்திருந்தார். எனக்குத் தந்த பொதியிலும் இருந்தது.